படம் போக, சத்தம் மட்டும்

அப்பா செய்த குற்றம் கணினித் திரையில் வீடியோவிலிருந்து வெறும் சத்தமாக முக்கால்வாசி மாறியிருந்தது. பச்சைக் கோடு வலது ஓரத்தைத் தொடுவதற்குள் மகளுக்குப் பொறுமை போய்விட்டது.

அந்த வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் அவள். படித்தது கணினி, ஆனால் எதற்கெடுத்தாலும் மல்லுக்கு நிற்பதால் அப்பா வைத்த பெயர் வக்கீலம்மா.

“அந்த வீடியோவ ஒரு தடவ பாரேன்டி,” என்றாள் அம்மா. போன வாரம் எடுத்தது. ‘இப்படிக் குறட்டை விட்டா நான் எப்படித் தூங்குறது?’ என்று காலையில் செல்போனை நீட்டியவளே அவள்தான். கண்ணுக்குக் கீழே கருவளையம் இன்னும் மறையவில்லை.

“இதுல பாக்க என்னம்மா இருக்கு? கேக்கத்தான் இருக்கு.” வக்கீலம்மா சத்தத்தைக் கூட்டினாள். மேட்டில் திணறும் லாரி மாதிரிக் குறட்டை இழுத்தது, நின்றது, கியர் மாற்றி மறுபடி கிளம்பியது.

“இல்லடி, நான் என்ன சொல்ல வர்றேன்னா...”

“நீ ஒண்ணும் சொல்ல வேணாம். கல்யாணமான நாள்லருந்து அடங்கிக் கெடந்தது போதும். இனிமே உனக்காக நான் பேசுறேன்.”

அம்மா அடுப்படிக்குப் போனாள்.

அப்பாவின் பாட்டுப்பெட்டி தீப்பெட்டி அளவுதான் இருக்கும். வீடியோவைக் கொடுத்தால் முழிக்கும். பஸ்ஸில் போகும்போது அவர் கேட்கிற பாட்டுகளைக்கூட, படத்தைக் கழற்றி எறிந்துவிட்டுச் சத்தத்தை மட்டும் பிரித்து, மகள்தான் ஏற்றிக் கொடுப்பாள். இன்று எல்லாப் பாட்டுக்கும் முன்னால் குறட்டையை வைத்தாள்.

அப்பாவுக்கு அச்சகத்தில் இந்த வாரம் பகல் வேலை. சாயங்காலம் வந்து, கைகால் கழுவி, நாற்காலியில் சாய்ந்தார்.

“புதுசா ஏத்தியிருக்கேன், கேளுங்கப்பா.”

ஆசையாக இயர்போனைக் காதில் செருகினார். கண்ணை மூடி, தாளம் போட விரலைத் தூக்கினார். தூக்கிய விரல் அப்படியே நின்றது.

“என்ன வக்கீலம்மா, மெஷின் ஓடுற சத்தத்த ஏத்திட்டியா? இதத்தானே நாள் முழுக்க அங்க கேக்குறேன்!”

“மெஷின் இல்லப்பா. நீங்க.”

“நானா?”

“ஆம்பளைங்க எல்லாரும் இப்படித்தான். சாட்சி காதுக்குள்ளயே கத்துது, அப்பவும் ‘நானா’ன்னு கேப்பாங்க.”

அப்பா மறுபடி போட்டுக் கேட்டார். நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். அம்மா கூரையைப் பார்த்தாள்.

“இவ்வளவு மோசமாவா?” அவர் குரல் சுருங்கிவிட்டது. “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே நீ.”

“அம்மா சொல்ல மாட்டாங்க. அதான் நான் சொல்றேன். இன்னியிலருந்து நீங்க ஹால்ல.”

“ஹால்ல ஃபேன் ஓடாதேம்மா.”

“இத்தனை வருஷம் அம்மா முழிச்சுக் கெடந்தாங்களே, நீங்க கொஞ்சம் வேர்த்தா ஒண்ணும் குறைஞ்சிடாது.”

“அப்ப நீ எங்க படுப்பே?”

“ரூம்ல, அம்மாகூட. உங்களுக்கு நைட் ஷிப்ட் வர்ற வாரமெல்லாம் அப்படித்தானே படுக்குறேன்? இனிமே தெனமும். அம்மா நிம்மதியா தூங்கட்டும்.”

அம்மாவுக்குப் புரையேறியது.

அப்பா எழுந்து அறைக்குள் போனார். தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தார். வாசற்படியில் நின்று, “தெரியாமப் போச்சு, மனசுல வெச்சுக்காத,” என்று மனைவியிடம் மெல்லச் சொன்னார்.

அதற்கு மேல் அம்மாவால் தாங்க முடியவில்லை. தலையணையை வெடுக்கென்று பிடுங்கிக் கட்டிலில் எறிந்தாள். மகள் உள்ளே வராதபடி வாசலை மறித்து நின்றாள்.

“அவரு இங்கதான் படுப்பாரு!”

“ஏம்மா, உனக்காகத்தானே நான் இவ்வளவு தூரம் சண்டை போடுறேன்! உனக்கே ரோஷம் இல்லன்னா எப்படி?”

அம்மா மகளின் கன்னத்தைத் தடவிக் கொடுத்தாள்.

“கோவிச்சுக்காத கண்ணு... அந்த வீடியோ உங்கப்பா நைட் ஷிப்ட் போனப்ப எடுத்தது.”