எதிர் பஸ்

ஒரகடத்துக் கம்பெனி வாசலில் இரண்டு பஸ்கள் நிற்கின்றன, நடுவே ஒரு கன்டெய்னர் லாரி சுவர்போல மறித்துக்கொண்டு. காலை வெயில் ஜன்னல் கம்பி வழியாகப் பெண்களின் சாப்பாட்டுப் பைகளில் கோடு கோடாக விழுகிறது. சங்கத்தில் சேர்ந்ததற்காக வெளியே தள்ளிய செங்கமலத்தைத் திரும்ப எடுக்கும்வரை இரண்டு பஸ்ஸிலும் ஒருத்தியும் இறங்கக் கூடாதென்று நேற்றே பேசி வைத்தாயிற்று. ஆனால் போனை ஹாஸ்டலிலேயே விட்டுவிட்டு வர வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். எதிர் பஸ்ஸில் என்ன நடக்கிறதென்று இவர்களுக்குத் தெரியாது.

சூப்பர்வைசர் ஸ்ரீதர் படியேறி வருகிறான். “அந்த பஸ்ஸு பொண்ணுங்கோ அப்பவே எறங்கி லைன்ல வேலைக்குப் பூட்டாங்கோ. நீங்க இன்னாத்துக்குக் குந்திகினு கீறீங்க?”

அரசியல் எம்.ஏ. முடித்துவிட்டு இந்த லைனில் வேலை பார்க்கும் தென்றலுக்குப் பழைய வகுப்பு நினைவுக்கு வருகிறது. ஒரு நாட்டுச் சனம் சேர்ந்து எழுவதும் இன்னொரு நாட்டுச் சனம் அடங்கிப்போவதும் ஏன் என்பதற்கு, தனித்தனி அறையில் அடைத்த இரண்டு கைதிகளின் கதையைத்தான் சொன்னார்கள். இருவரும் வாய் திறக்காவிட்டால் தப்பலாம். மற்றவன் காட்டிக்கொடுத்திருப்பான் என்று பயந்து தானும் வாய் திறந்தால் இருவர் கதையும் தீர்ந்தது.

“பொய்க்கா. அங்கயும் போய் இதையேதான் சொல்லுவான்,” என்கிறாள் பக்கத்துச் சீட்டுக்காரியிடம்.

“எம்.ஏ.வே சொல்லிடுச்சி!” சத்யப்பிரியா சிரிக்கிறாள். “அவன் சொல்றது நெசமா இருந்தா நாம மட்டும் மாட்டிக்குவோமேடி?” சிரித்தபடியே பையைத் தோளில் மாட்டுகிறாள். அவள் பின்னால் இன்னொருத்தி, அப்புறம் எல்லாரும். தனியாக உட்கார்ந்தால் நாளைக்குத் தானும் செங்கமலம்தான் என்று தென்றலும் இறங்குகிறாள்.

லாரி நகர்கிறது. எதிர் பஸ் நிறையப் பெண்கள், ஒருத்திகூட எழாமல், ஜன்னல் வழியாக இவர்களைப் பார்க்கிறார்கள். பிறகு முன்சீட்டுக்காரி மெதுவாகத் தன் பையை எடுக்கிறாள்.