கோதுமை நுழையாத வீடு

அலுவலகத்திற்குப் புதிதாக வந்திருந்த மேலாளர் அம்மையார், தம்மிடம் பணிபுரியும் பெண்ணின் வீட்டிற்கு விருந்துக்கு வந்திருந்தார். அப்பெண்ணின் கணவரோ பின்வாசல் வழியாக நுழைந்து, நேராகக் குளியலறைக்குள் புகுந்துகொண்டார்.

"என்னம்மா, என்னைப் பார்த்ததும் உன் வீட்டுக்காரர் ஓடுறார்?"

"தப்பா நினைக்காதீங்க மேடம். குளிக்காம அவர் அடுப்பைத் தொடமாட்டார்."

"அவ்வளவு பக்தியா!"

ஈரத் தலையுடன் வந்து மன்னிப்புக் கேட்டவர், தடித்த மாட்டிறைச்சித் துண்டுகளை ஈரம் போகத் துடைத்து, உப்பும் மிளகும் தூவி, காய்ந்த இரும்புக் கல்லில் இட்டார்.

"ஸ்டேக்னா நான் சோயா சாஸ்லதான் ஊற வைப்பேன்" என்றார் அம்மையார்.

"அதுல கோதுமை இருக்குங்க. இவளுக்குக் கோதுமை ஆகாது. போன மாசம் ஒரு கல்யாணத்துல தெரியாம சாப்பிட்டுட்டு, ஆஸ்பத்திரியில படுத்துட்டா."

வெண்ணெயும் பூண்டும் மணத்தன. அம்மையார் கத்தியை எடுத்தார்.

"கொஞ்சம் பொறுங்க, இப்பவே வெட்டினா சாறு ஓடிடும்."

பொறுத்ததற்குப் பலன் இருந்தது. இறைச்சி பூவாக வெந்திருந்தது. மனைவி பயமின்றி ரசித்துச் சாப்பிடுவதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கோதுமையை இப்படி விரட்டுற மனுஷரை நான் பார்த்ததே இல்லை! எங்க வேலை பார்க்கிறீங்க?"

அவர் கூச்சத்துடன் தலையைச் சொறிந்தார்.

"தெருமுனையில பேக்கரி வச்சிருக்கேங்க. நாள் பூரா மாவுலதான் புரள்றேன்."