கட்டைவிரல் நகம்

ஆவுடையம்மாள் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது கையில் மாவுக்கட்டு போட்டிருந்தாள். கால் நகம்கூட வெட்ட முடியவில்லை என்று அவள் முனகியதைக் கேட்டு, கணவர் சங்கரலிங்கம் பிளாஸ்டிக் டப்பில் வெந்நீர் விளாவி, கல்லுப்புப் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார்.

அவள் கூச்சத்தோடு கால்களைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். "வேண்டாம், நீங்க போயி என் காலப் பிடிச்சுக்கிட்டு..."

"சும்மா நீட்டு."

ஜவுளிக்கடையில் இருபத்தாறு வருடம் உட்காராமல் நின்ற கால்கள். அவற்றை அவர் இவ்வளவு பக்கத்தில் பார்த்ததே இல்லை. குதிகால் வெடித்து, நகங்கள் தடித்து மஞ்சளாகியிருந்தன. நன்றாக ஊறியதும் ஒவ்வொன்றாக வெட்டினார். இடது கட்டைவிரல் நகம் மட்டும் ஓரத்தில் சதைக்குள் இறங்கியிருந்தது. சுற்றிலும் பழைய தழும்பு.

"இது எப்ப இருந்து இப்படி இருக்கு?"

"கோமதி காலேஜ்ல சேந்த வருசத்துல இருந்து. சீழ் வச்சு நடக்கவே முடியல. ஒங்ககிட்ட சொன்னேன்லா."

மகள் கோமதிக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். அவருக்கு எதுவும் நினைவு வரவில்லை.

"நான் என்ன சொன்னேன்?"

"ஒண்ணும் சொல்லல. டிவி சத்தத்தக் கூட்டி வச்சீங்க."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவர் ஏதாவது பதில் சொல்லியிருப்பார். அந்த நகத்தைத் தொடாமல், விரலிடுக்குகளில் ஈரம் போகத் தன் துண்டால் துடைத்து, தேங்காய் எண்ணெயைத் தடவினார்.

"வலிக்கா?"

"இல்ல" என்றாள். அவர் கை பட்டதும் அந்த விரல் மட்டும் உள்ளே மடங்கிக்கொண்டது.