கழுவிய கை

செவிலியர் வகுப்பின் ஜன்னல்களைச் சாத்திவிட்டு, ஆசிரியை எஸ்தர் நீல விளக்கைப் போட்டார். மாணவிகளின் கழுவிய கைகள் எல்லாம் பச்சையாக ஒளிர்ந்தன.

"காலையில வார்டு குழாய்த் திருகுல நான் பூசின பவுடர் இது. கிருமின்னு வெச்சுக்கோங்க. கழுவின கையாலயே குழாயை மூடினா இப்படித்தான்."

மாணவிகள் சிரித்தார்கள். தில்லைநாயகி மட்டும் தன் சுண்டுவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், காலையில ஒரு குறைமாசக் குழந்தை அழுதுச்சு. விரலை வாயில வெச்சேன், அடங்கிருச்சு."

எஸ்தர் விளக்கோடு வார்டுக்கு ஓடினார். இருண்ட தாழ்வாரத்தில், வார்டுக் கதவின் கைப்பிடியும் பச்சையாக ஒளிர்ந்தது. உள்ளே ஏதோ ஒரு குழந்தை வீறிட்டது. எஸ்தர் கதவைத் திறக்கவில்லை. விளக்கை, காலையில் பவுடர் பூசிய தன் கைப்பக்கம் மெல்லத் திருப்பினார்.