எல்லையில் ஓர் எலுமிச்சம்பழம்

இன்னும் பதினொரு பழம்.

வாயில் இருப்பதை விழுங்குவதற்குள் பெனிட்டா அடுத்ததை உரித்து அவள் கையில் திணித்தாள். கமலா ஆரஞ்சு. ஆசைப்பட்டுச் சாலையோரக் கடையில் பெட்டியோடு வாங்கியது. இரண்டு கிலோமீட்டரில் மாநில எல்லை. பழ ஈ பரவுமாம், எல்லை தாண்டி ஒரு பழமும் போகக்கூடாது. கொட்டுவதற்குத் தொட்டி வைத்திருந்தார்கள்தான். நல்ல பழத்தைக் கொட்ட யாருக்கு மனசு வரும்?

வேனை ஓரங்கட்டிவிட்டு, ஐந்து பேரும் முதுகுப்பைகளின் மேல் உட்கார்ந்து தின்றார்கள்.

அவளுக்கு மட்டும் உள்ளே இறங்கவில்லை.

பழம் தீர்ந்தால் எல்லை. எல்லை தாண்டினால் அவள் ஓட்ட வேண்டும்.

மெல்பர்னிலிருந்து இதுவரை இர்ஃபான்தான் ஓட்டிவந்தான். நேற்று போட்டோவுக்காகப் பாறைமேல் ஏறி நின்றவன் வழுக்கி விழுந்தான். வலது மணிக்கட்டில் வெள்ளைக் கட்டு. எல்லைச் சோதனைச் சாவடிவரை சமாளிக்கிறேன், அப்புறம் உன் பாடு என்று அவளிடம் சொல்லிவிட்டான். மற்ற மூன்று பேருக்கும் லைசென்ஸே கிடையாது.

அவளிடம் இருந்தது. மூன்றாவது முயற்சியில் வாங்கியது. வாங்கிய வாரமே தெருமுனைக் குப்பைத் தொட்டியை இடித்துச் சாய்த்தாள். அதோடு ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

அவள் ஓட்டாவிட்டால் திமிங்கலம் கிடையாது. குட்டியோடு கரையோரம் வருகிற திமிங்கலங்களைப் பார்க்கத்தான் இந்தக் கும்பல் கிளம்பியது. படிப்பு முடியப்போகிறது. இனி இந்த ஐந்து பேரும் ஒன்றாகக் கிளம்பப் போவதில்லை.

பயம். வேறொன்றும் இல்லை. வெளியே சொல்லத்தான் வெட்கம்.

சாக்கு மட்டும் தயாராக வைத்திருந்தாள். வேனை எடுத்த அன்று சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கவில்லை. வாடகைக்கு விட்டவர் வாசலில் நின்று பார்க்கிறாரே என்று கூச்சப்பட்டு விட்டுவிட்டார்கள். அம்மா வீடியோவில் வந்து சத்தம் போட்ட பிறகு, ஒரு பழத்தையும் ஏழு பச்சை மிளகாயையும் கோத்து முன்னால் கட்டியதோடு சரி. முடிச்சுப் போட்டதுகூட இர்ஃபான்தான். நசுக்காத வண்டியை நான் எப்படி எடுப்பேன் என்று காலையிலிருந்து நாலு தடவை கேட்டுவிட்டாள்.

பழம் தீர்ந்தது. தோலைத் தொட்டியில் போட்டார்கள்.

சாவடி.

தொப்பி போட்ட அதிகாரியம்மா, பழம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். ஐந்து பேரும் ஒரே குரலில் இல்லை என்றார்கள். வேன் முழுக்க ஆரஞ்சு வாசனை. அவர் சிரித்துக்கொண்டே பைகளைத் திறந்து பார்த்தார், இருக்கைக்கு அடியில் குனிந்து பார்த்தார். பிறகு வண்டியின் முன்பக்கம் போனார்.

போனவர் அங்கேயே நின்றுவிட்டார்.

எலுமிச்சம்பழம் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

சத்தியமாக ஒருவருக்கும் தோன்றவில்லை. அதைத் தின்பதற்காகவா கட்டியிருந்தார்கள்?

சமையலுக்கா என்று கேட்டார் அதிகாரியம்மா. இல்லை, வண்டிக்கு ஒன்றும் ஆகாமல் இருக்க என்றான் இர்ஃபான். அப்படியானால் இன்சூரன்ஸ் எதற்கு என்று கேட்டுவிட்டு அவர் கத்தரிக்கோலை எடுத்தார்.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இருந்த ஒன்றும் போகிறது. கீழே இறங்கி ஓடினாள். அறுப்பதுதான் அறுக்கிறீர்கள், சக்கரத்தில் வைத்து நசுக்கிவிட்டாவது தருகிறேனே என்று திக்கித் திணறிச் சொன்னாள்.

அதிகாரியம்மா அவள் முகத்தைப் பார்த்தார். சாறோ விதையோ தரையில் சிந்தக்கூடாதே என்றார். கொஞ்சம் யோசித்தார்.

மிளகாயைத் தொட்டியில் போட்டார். பழத்தை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, அதை இன்னொரு பைக்குள் போட்டு, வாயை இறுக்கி ஒட்டி, தானே குனிந்து முன்சக்கரத்துக்கு முன்னால் வைத்தார்.

இர்ஃபான் ஓட்டுநர் இருக்கையை விட்டு இறங்கினான்.

"ஓட்டப்போறது நீ. நீதான் ஏத்தணும். ஒரு அடிதான், ஏறு."

ஒரு அடிதானே. ஏறி உட்கார்ந்தாள். குலசாமியைக் கூப்பிட்டாள்.

பட்.

சின்னச் சத்தம்தான். அதிகாரியம்மா தட்டையாகிப் போன பையை எடுத்துத் தூக்கிக் காட்டினார். பின்னால் மூன்று பேரும் கைதட்டினார்கள். அவளுக்கு மூச்சு இப்போதுதான் சரியாக வந்தது.

அந்த நேரம் பார்த்து அவள் பக்கத்துக் கதவில் ஓங்கி இரண்டு தட்டு விழுந்தது.

"போலாம், ரைட்!"

ஊரில் பள்ளிக்கூடம் முழுக்க டவுன் பஸ்ஸில் போய்வந்தவள். அந்தத் தட்டுக்குப் பிறகு நின்ற வண்டியை அவள் பார்த்ததே இல்லை. கால் தானாக அழுத்தியது.

சாவடி பின்னால் போனது.

நேர்ச்சாலை. இரண்டு பக்கமும் இலை உதிர்ந்த திராட்சைத் தோட்டம். எதிரே மலைபோல ஒரு லாரி வந்தது. போனது. ஒன்றும் ஆகவில்லை. இன்னொன்று வந்தது. அதுவும் போனது. அவள் கழுத்தைத் திருப்பாமல் ஓட்டினாள். சந்தோஷமாக இருந்தது. நம்பவே முடியவில்லை.

ஆறு கிலோமீட்டர் போன பிறகு, இர்ஃபான் ஏன் வாயே திறக்கவில்லை என்று பெனிட்டா கேட்டாள்.

பக்கத்து இருக்கை காலி.

ஐயையோ என்று கத்துவதற்குள் போன் அடித்தது. அவன்தான். பெனிட்டா ஸ்பீக்கரில் போட்டாள். ஒன்றும் அவசரமில்லை, மெதுவாகத் திருப்பிக்கொண்டு வரட்டும், ஆபீசரம்மா டீ போட்டுக் கொடுத்திருக்கிறார் என்றான்.

திருப்ப வேண்டும். அவள்தான் திருப்ப வேண்டும்.

இண்டிகேட்டரைப் போட்டாள். வேகத்தைக் குறைத்தாள். பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்த்தபோதுதான் ஞாபகம் வந்தது. கிளம்பும்போது அதே கண்ணாடியில் தெரிந்த கை. கதவை ஓங்கித் தட்டிவிட்டு, உயர்ந்து டாட்டா காட்டிய கை.

அதில் வெள்ளைக் கட்டு இருந்தது.

பாவி.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

இண்டிகேட்டரை அணைத்தாள். டீயை முழுசாகக் குடிக்கட்டும் என்று இன்னும் ஐந்து கிலோமீட்டர் ஓட்டினாள்.