ஸ்கேனர் கண்ட தூசி

ஆலை வாசலில் வேலைநிறுத்தம் செய்தவர்களை எடுத்த ஒரே படம் ஒரு கறுப்பு வெள்ளை நெகட்டிவ் ஃபிலிமிடம் இருந்தது. அதனால் அது யாரையும் லேசில் நம்பாது.

ஒருநாள் அதை ஸ்கேனர் மேல் படுக்க வைத்தார்கள். இனி ஊர் பார்க்கப்போவது ஸ்கேனர் எடுக்கும் படத்தைத்தான்.

"பயப்படாதீங்கண்ணே, தூசியை மட்டும் எடுத்துடுறேன்" என்றது ஸ்கேனர்.

"எது தூசின்னு யாரு தம்பி முடிவு பண்றது?"

"நான்தான். என் வெளிச்சத்தை மறிக்கிறதெல்லாம் தூசி."

"உன்னை மாதிரிப் பேசினவங்களை நிறையப் பார்த்துட்டேன்" என்று ஃபிலிம் சுருண்டுகொண்டது. ஸ்கேனர் மூடியால் அமுக்கியது.

நெகட்டிவில் வெள்ளை கறுப்பாகவும், கறுப்பு தெளிவாகவும் பதியும். வெள்ளை வேட்டி சட்டையோடு நின்ற தொழிலாளர்கள் ஃபிலிமில் அடர்கறுப்பாய்ப் பதிந்திருந்தார்கள். வெளிச்சம் அவர்களைத் தாண்ட முடியாமல் திணறியது. முதலாளியின் கறுப்புக் காரோ ஃபிலிமில் கண்ணாடிபோல் தெளிந்து கிடந்ததால், வெளிச்சத்துக்குத் தாராளமாய் வழிவிட்டது.

திரையில் படம் வந்தது. ஆலை வாசல் இருந்தது, கார் இருந்தது. ஆட்கள் ஒருவரும் இல்லை.

ஸ்கேனர் பூரித்துப்போய்க் கேட்டது:

"இவ்வளவு அழுக்கையுமா அண்ணே இத்தனை வருஷம் சுமந்தீங்க?"