அவர் நடை

வழுக்கி விழுந்து முட்டி ஜவ்வு கிழிந்தபோது பியூலா புது முட்டிப் பட்டை வாங்கவில்லை. இறந்துபோன கணவர் வின்சென்ட் கடைசிவரை கட்டியிருந்த பட்டையையே கட்டிக்கொண்டாள். அது அவர் நடையை மறந்திருக்கவில்லை. இடது காலை லேசாக இழுத்து இழுத்து, அவரைப் போலவே அவளை நடத்தியது. அந்தக் காலடிச் சத்தம் கேட்டதும் நாய் அவர் செருப்பைக் கவ்விக்கொண்டு வாசலுக்கு ஓடிவரும்.

பயிற்சி கொடுக்க வந்த ஜெனிட்டா கடிந்துகொண்டாள். "ஜவ்வு நல்லா ஒட்டிட்டு வருது ஆன்ட்டி. நீங்க காலை ஊணி நடந்தாத்தான் பட்டை உங்க நடையப் பழகும்."

"இன்னும் வலிக்கு மக்களே," என்றாள் பியூலா. வலி போய் வெகுநாளாகியிருந்தது.

ஜவ்வு அவள் பேச்சைக் கேட்கவில்லை. தன்பாட்டுக்கு ஒட்டிக்கொண்டது.

ஒரு மாலை அவள் கேட்டைத் திறந்து உள்ளே வந்தாள். நாய் படுத்தபடியே அவளைப் பார்த்து வாலாட்டியது. செருப்பு வைத்த இடத்திலேயே கிடந்தது.